கொரோனா சந்தையிலிருந்து வந்ததா, ஆய்வகத்திலிருந்தா? பிஸ்கட் டப்பாவில் விழுந்த கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவது வழக்கம். சென்ற முறை கொரோனா வைரஸ் எங்கிருந்து வந்தது என்று நான் பேசினேன். பேச்சு முடிவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. அதனால் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதிக்குமேல் ஒரே கேள்விகள். ஒரு சீட்டில் "சாயா எப்போது வரும்?" என்று இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன். வைரஸ் ஆய்வாளன் அல்ல. வாசித்ததை எடைபோட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார், எங்கிருந்து வந்தது?

நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. கையில் பத்து ரூபாயைக் கொடுத்துப் பந்தயம் கட்டச் சொன்னால், ஏழு ரூபாயை விலங்குச் சந்தையிலும் மூன்று ரூபாயை ஆய்வகத்திலும் வைப்பேன். அந்த மூன்று ரூபாயை ஏன் எடுத்துவிடவில்லை என்பதற்குத்தான் கீழே நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சீனாக்காரன் வேண்டுமென்றே தயாரித்து விட்டதுதானே?

இந்த ஒரு வரியில் மூன்று குற்றச்சாட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

ஆயுதமாக வேண்டுமென்றே பரப்பினார்கள் என்பது முதலாவது. இதை நம்ப ஓர் ஆதாரமும் இல்லை. ஒன்றோடொன்று மோதும் அமெரிக்க உளவு அமைப்புகள்கூட இது உயிரி ஆயுதமாக உருவாக்கப்பட்டதல்ல என்பதில் ஒன்றுபட்டே இருக்கின்றன. ஆராய்ச்சிக்காக ஆய்வகத்தில் மாற்றிய வைரஸ் தவறித் தப்பியது என்பது இரண்டாவது. மாற்றம் எதுவும் செய்யாமல் குகையிலிருந்து எடுத்து வந்த வைரஸ் மாதிரி ஓர் ஆய்வாளரைத் தொற்றி ஊருக்குள் போனது என்பது மூன்றாவது. இதில் "தயாரிப்பு" என்ற பேச்சே இல்லை. வைரஸ் இயற்கையானதுதான், வந்த வழிதான் ஆய்வகம்.

யாராவது "ஆய்வகம்" என்றால், எந்த ஆய்வகக் கதை என்று முதலில் கேளுங்கள். ஒன்றுக்கான ஆதாரத்தைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் இந்த விவாதத்தில் அதிகம் நடக்கிறது.

கொரோனா வைரஸ் ஆய்வகம் இருக்கும் அதே வூஹானில் நோய் தொடங்கியது தற்செயலா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிவிட முடியாது. வௌவால் கொரோனா வைரஸ்களைத் தேடிச் சேகரிப்பதில் உலகிலேயே முன்னணியில் இருந்த இடங்களுள் ஒன்று வூஹான் நச்சுயிரியல் நிறுவனம். ஷி செங்லி என்ற ஆய்வாளரின் குழு, யுன்னான் மாகாணக் குகைகளிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவந்தது. அந்தக் குகைகளுக்கும் வூஹானுக்கும் உள்ள தொலைவு, நாகர்கோவிலிலிருந்து மும்பை போவது போன்றது. வௌவாலின் வைரஸ் அவ்வளவு தூரம் கடந்து, சரியாக அந்த ஊரில்தான் வெடிக்க வேண்டுமா? நியாயமான கேள்வி.

ஆனால் காக்கை இரண்டு. வூஹான் ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரம். உயிருள்ள காட்டு விலங்குகளை விற்ற சந்தைகள் அங்கே நான்கே நான்கு. முதல் நோயாளிகள் கும்பலாகத் தென்பட்ட ஹுவானன் சந்தை அந்த நான்கில் ஒன்று. ஆய்வகத்திலிருந்துதான் தப்பியது என்றால், ரயில் நிலையம், மருத்துவமனை, கல்லூரி விடுதி, கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 2002-03-ல் விலங்குச் சந்தை வழியே வந்த சார்ஸ் நோயின் கதையை அப்படியே ஒத்த ஓர் இடத்தில் போய் ஏன் வெளிப்பட்டது? ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நிறுவனத்திலிருந்து அது அங்கே எப்படிப் போனது?

ஆய்வகத் தரப்பினர் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வூஹான் நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வகம் 2019 டிசம்பர் 2-ஆம் தேதி, சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்துக்கு இடம் மாறியது. அதுவும் உண்மைதான். இந்த விவாதத்தில் தற்செயல்களுக்குப் பஞ்சமே இல்லை.

சந்தையில் அப்படி என்னதான் கிடைத்தது?

2020 ஜனவரி 1-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அன்று தொடங்கிச் சீன அதிகாரிகள் தரை, சாக்கடை, தள்ளுவண்டி, கூண்டு என்று பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுத்தார்கள். சந்தையைச் சார்ந்து எடுத்த 1,380 மாதிரிகளில் 457 விலங்குகளிடமிருந்து எடுத்தவை. அந்த 457-இல் ஒன்றில்கூட வைரஸ் இல்லை. ஆய்வகத் தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டும் எண் இது. ஆனால் சந்தேகத்துக்கு உரிய விலங்குகள் மாதிரி எடுக்கும் நேரத்தில் அங்கே இல்லை, அதற்குள் அப்புறப்படுத்தப்பட்டுவிட்டன. பரிசோதித்தவற்றில் பெரும்பாலானவை வேறு விலங்குகள்.

வைரஸ் கிடைத்தது கடைகளின் தரையிலும் பொருட்களிலும்தான், அதுவும் சந்தையின் மேற்குப் பகுதியில், காட்டு விலங்கு விற்ற கடைகள் இருந்த பக்கம். ஒரே கடையில் இரும்புக் கூண்டு, தள்ளுவண்டிகள், மயிர் நீக்கும் எந்திரம் ஆகியவற்றில் வைரஸின் தடயம் இருந்தது. 2023-ல் அந்த மாதிரிகளின் மரபணுத் தரவு சிறிது காலம் வெளியே தெரிந்தபோது, அதே துடைப்புகளில் ரக்கூன் நாயின் மரபுப்பொருளும் இருப்பதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். ரக்கூன் நாய் என்பது நரிக் குடும்பத்து விலங்கு. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு மரநாயைப் போலத் திருட்டு முழி முழிக்கும். எட்வர்ட் ஹோம்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2014-லேயே இந்தச் சந்தைக்குப் போய், கூண்டில் அடைத்த ரக்கூன் நாய்களைப் படம் எடுத்து வந்திருந்தார்.

இது கையும் களவுமாகப் பிடித்தது ஆகாது. விலங்கும் வைரஸும் ஒரே இடத்தில் இருந்தன என்றுதான் இதற்குப் பொருள். விலங்குக்கு நோய் இருந்தது என்று பொருள் இல்லை. ஜெசி ப்ளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதே தரவை அலசி, வைரஸ் அதிகம் இருந்த மாதிரிகளோடு ரக்கூன் நாய் ஒத்துப்போகவில்லை, மீன்தான் ஒத்துப்போகிறது என்று காட்டினார். மீனுக்கு இந்த நோய் வராது. ஆகவே நோயுற்ற மனிதர்கள் தும்மிய இடங்களையும் அந்தத் துடைப்புகள் காட்டியிருக்கலாம். மீன்பிடிக்கும் குளச்சல்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று: அந்தச் சந்தையில் வௌவால் விற்கப்படவில்லை. 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூஹான் சந்தைகளில் விற்ற 38 வகை விலங்குகள், மொத்தம் 47,381 உருப்படிகள், ஒரு கணக்கெடுப்பில் பதிவாகியுள்ளன. வௌவாலும் இல்லை, எறும்புதின்னியும் இல்லை. "வௌவால் சூப்" வாட்ஸ்அப்பின் சமையல்.

சந்தைக்குப் போனவர்களை மட்டும் தேடினால் சந்தை நோயாளிகள்தானே கிடைப்பார்கள்?

டப்பாவில் விழுந்ததிலேயே கூர்மையான கேள்வி இதுதான். எழுதியவர் பெயர் போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் கல்லூரிப் பெண்பிள்ளை என்று தோன்றுகிறது.

மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய் வந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்ததாக வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் "கொடைக்குப் போனீர்களா?" என்று கேட்டு, போகாதவர்களைப் பதிவேட்டில் சேர்க்காமல் அனுப்பிவிட்டால், காய்ச்சல் முழுவதும் கொடையிலிருந்தே வந்ததாகத்தான் கணக்கு காட்டும். வூஹானிலும் தொடக்க நாட்களில் சந்தைத் தொடர்பு ஓர் அளவுகோலாக இருந்தது. ஆகவே கேள்வி சரியான கேள்வி.

2022-ல் மைக்கேல் வொரோபி என்பவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. 2019 டிசம்பரில் நோயுற்ற 155 பேரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார்கள். சந்தைக்குப் போகாதவர்கள், சந்தையோடு எந்தத் தொடர்பும் சொல்லாதவர்கள், அவர்களின் வீடுகளும் சந்தையைச் சுற்றியே குவிந்திருந்தன. சந்தையில் வேலை செய்தவர்களின் வீடுகளைவிட அவை சந்தைக்கு நெருக்கம். கொடைக்குப் போகாத மண்டைக்காட்டுக்காரருக்கும் காய்ச்சல், ஆனால் போகாத மார்த்தாண்டத்துக்காரருக்கு இல்லை என்றால், காய்ச்சல் மண்டைக்காட்டில்தான் சுற்றுகிறது என்று சொல்லலாம் அல்லவா? அக்கம்பக்கத்து மருத்துவமனைகள் மற்றவர்களைவிட உஷாராக இருந்ததால் அப்படித் தெரிகிறது என்று இதற்கும் மறுப்பு எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த மறுப்பு பாதிதான் ஏறுகிறது.

வொரோபியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வகச் சாத்தியத்தையும் ஒழுங்காக விசாரிக்க வேண்டும் என்று 2021 மே மாதம் 18 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு வெளியிட்ட கடிதத்தில் அவரும் ஒருவர். பிறகு தரவைப் பார்த்துச் சந்தைப் பக்கம் வந்தார். அதே கடிதத்தில் கையெழுத்திட்ட ப்ளூம் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இருவரையும் பிடிக்கும்.

இத்தனை வருடமாகியும் நோயைக் கொடுத்த விலங்கு கிடைக்கவில்லையே?

கிடைக்கவில்லை. சந்தைத் தரப்பின் பெரிய ஓட்டை இது. 2002 நவம்பரில் தொடங்கிய சார்ஸுக்கு, அடுத்த மே மாதமே ஷென்சென் சந்தையில் புனுகுப்பூனைகளிடம் ஏறக்குறைய அதே வைரஸ் கிடைத்துவிட்டது. நம் தென்னந்தோப்புகளில் திரியும் மரநாய்க்கு அது உறவுக்கார விலங்கு.

ஆனால் வேறொரு கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தது. பேராம்பிரைப் பகுதியில் ஒரே குடும்பத்தில் தொடங்கி 17 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. பிடித்துச் சோதித்தார்கள், வைரஸ் இல்லை. அவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். பின்னர் அந்த வட்டாரத்துப் பழந்தின்னிகளைப் பிடித்தபோதுதான் நிபா வைரஸ் கிடைத்தது. அப்போதும், முதல் நோயாளிக்கு அது எப்படித் தொற்றியது, பழத்திலிருந்தா, வௌவாலைத் தொட்டதாலா என்பது இன்றுவரை தெரியவில்லை. மறைக்க ஒன்றுமில்லாத, பத்திரிகையாளர்கள் வாசலிலேயே நின்ற, நல்ல மருத்துவக் கட்டமைப்பு உள்ள கேரளத்திலேயே கடைசிக் கண்ணி கிடைக்கவில்லை. விலங்கு கிடைக்காதது ஆய்வகத்துக்குச் சான்று ஆகாது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனாலும் வூஹானில் தேட வேண்டிய நேரத்தில் தேடவில்லை. விலங்குப் பண்ணைகளில் எதை, எப்போது சோதித்தார்கள் என்ற முழு விவரம் வெளியே வரவில்லை. கேரளத்தோடு ஒப்பிடும்போது அந்த வித்தியாசம் உறுத்துகிறது.

ஆய்வகத்தில் இருந்த ஒரு வைரஸ் 96 சதவீதம் ஒத்துப்போகிறதாமே?

ஆர்ஏடிஜி13 என்ற அந்த வைரஸ், யுன்னானின் மோஜியாங் சுரங்கத்தில் 2013-ல் எடுத்த வௌவால் மாதிரியில் இருந்தது. 2012-ல் அந்தச் சுரங்கத்தில் வௌவால் எச்சத்தை வாரிய ஆறு தொழிலாளர்கள் கடுமையான நிமோனியாவில் படுத்தார்கள், மூவர் இறந்தார்கள். கேட்டாலே முதுகு சில்லிடும் கதைதான். ஆனால் 96 சதவீதம் என்பது பரீட்சை மார்க் அல்ல. கொரோனா வைரஸின் மரபணு ஏறக்குறைய 30,000 எழுத்து நீளம். நான்கு சதவீதம் என்றால் 1,100-க்கும் மேற்பட்ட எழுத்துகள் வேறு. இயற்கையில் அந்த வித்தியாசம் விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அதைத் திருத்தி இதைச் செய்திருக்க முடியாது. பிறகு லாவோஸ் நாட்டு வௌவால்களில் இன்னும் சற்று நெருக்கமான உறவு, பனால்-52, கிடைத்தது.

'ஃபியூரின்' என்று ஏதோ சொன்னீர்களே, புரியவில்லை.

ஷாம்பூ பாக்கெட்டின் ஓரத்தில் கிழிப்பதற்கு ஒரு சின்ன வெட்டு இருக்குமே, அதைப் போன்றது. வைரஸின் மேலே துருத்தி நிற்கும் முள் புரதத்தில் ஓர் இடம். நம் உடலில் இருக்கும் ஃபியூரின் என்ற நொதி அந்த இடத்தில் வெட்டினால், வைரஸ் உயிரணுவுக்குள் எளிதில் நுழையும். இந்த வைரஸில் அதற்கான 12 எழுத்துகள் செருகப்பட்டது போல் நிற்கின்றன. இதன் நெருங்கிய சொந்தங்கள் எதிலும் இதுவரை அது காணப்படவில்லை.

என் மூன்று ரூபாயில் இரண்டு ரூபாய் இங்கேதான் இருக்கிறது. 2018-ல் ஈகோஹெல்த் அலயன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு, வூஹான் நிறுவனத்தையும் கூட்டாளியாகச் சேர்த்து, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையிடம் ஒரு திட்டத்துக்குப் பணம் கேட்டது. வௌவால் கொரோனா வைரஸ்களில் இத்தகைய வெட்டுமிடங்களைத் தேடுவதும் புகுத்திப் பார்ப்பதும் அதில் இருந்தன. பணம் கிடைக்கவில்லை, திட்டம் நிராகரிக்கப்பட்டது. 2021-ல் ஆவணம் கசிந்தபோதுதான் உலகுக்கே தெரிந்தது.

எதிர்வாதமும் வலுவானது. தூரத்துச் சொந்தமான மெர்ஸ் வைரஸிலும், சாதாரண ஜலதோஷம் தரும் சில கொரோனா வைரஸ்களிலும் இந்த வெட்டு இயற்கையாகவே இருக்கிறது. இதில் இருப்பதோ சுமாரான வெட்டு. தெரிந்து செய்பவர் இதைவிட நன்றாக வெட்டும் வரிசையைப் போட்டிருப்பார். மேலும், மாவு இல்லாமல் தோசை சுட முடியாது: இதை உருவாக்கப் போதுமான அளவு நெருக்கமான வைரஸ் அந்த ஆய்வகத்தின் கையில் இருந்ததாக ஒரு பதிவும் வெளிவரவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் வைரஸ் தரவுத்தளம் 2019 செப்டம்பரிலேயே இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஊடுருவல் முயற்சிகள் நடந்ததால் எடுத்தோம் என்கிறார்கள். திறந்து காட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எச்.ஐ.வி.யைக் கலந்ததாக இந்திய விஞ்ஞானிகளே கண்டுபிடித்தார்களே?

2020 ஜனவரி கடைசியில் டெல்லிக் குழு ஒன்று அப்படி ஒரு கட்டுரையைச் சரிபார்ப்புக்கு முன்பே இணையத்தில் இட்டது. சில நாட்களில் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்கள் காட்டிய துணுக்குகள் மிகச் சிறியவை. எத்தனையோ உயிரிகளில் கிடைப்பவை. கட்டுரை போய்விட்டது, செய்தி மட்டும் இன்னும் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது.

பாதுகாப்பான ஆய்வகத்திலிருந்து வைரஸ் தப்புவதெல்லாம் நடக்கக்கூடியதா?

நடந்திருக்கிறது. சார்ஸ் அடங்கிய பிறகு அது ஆய்வகங்களிலிருந்து மட்டும் மூன்று ஊர்களில் தப்பியது: 2003-ல் சிங்கப்பூரிலும் தைபேயிலும், 2004-ல் பெய்ஜிங்கிலும். உலகின் கடைசிப் பெரியம்மை மரணம் 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், மருத்துவக் கல்லூரியில் புகைப்படக் கலைஞராக வேலை பார்த்த பெண் ஒருவருக்கு நேர்ந்தது. பெரியம்மை வைரஸை வைத்திருந்த ஆய்வகம் அதே கட்டடத்தில் இருந்தது. 1977-ல் உலகைச் சுற்றிய "ரஷ்யக் காய்ச்சல்" வைரஸ், 1950-ஐ ஒட்டிய வைரஸிலிருந்து ஏறக்குறைய மாறாமலேயே இருந்தது. கால் நூற்றாண்டு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் உறைபெட்டியில்தான் இருந்திருக்க வேண்டும். தடுப்பூசிச் சோதனையிலோ ஆய்வகத்திலோ இருந்து வெளிவந்தது என்பதே பொதுவான கருத்து.

எல்லாவற்றையும்விட எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது 1979-ல் சோவியத் நகரமான ஸ்வெர்த்லோவ்ஸ்கில் நடந்ததுதான். ராணுவ ஆய்வகத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் காற்றில் கசிந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி என்று அரசு சொன்னது. மேலைநாட்டு அறிவியலாளர்கள் பலரும் அந்த விளக்கத்தை ஏற்றார்கள். மேத்யூ மெசல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் ஏற்றவர்களுள் ஒருவர். சோவியத் உடைந்த பிறகு 1992-ல் அவரே குழுவோடு அங்கே போய், இறந்தவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் படம் வரைந்தார். எல்லாப் புள்ளிகளும் அன்று காற்று வீசிய திசையில், அந்த ஆய்வகத்திலிருந்து ஒரே கோட்டில் கிடந்தன. உண்மை வெளிவரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. வூஹானில் யாரும் வீடு வீடாகப் போக அனுமதி இல்லை.

அமெரிக்க உளவுத்துறை ஆய்வகம் என்று முடிவு சொல்லிவிட்டதே?

சி.ஐ.ஏ. 2025 ஜனவரியில் சொன்னது. "குறைந்த நம்பிக்கையோடு" என்ற அடைமொழியோடு சொன்னது. எஃப்.பி.ஐ. "நடுத்தர நம்பிக்கை" என்கிறது. வேறு சில அமைப்புகள் இயற்கை என்று, அதே குறைந்த நம்பிக்கையோடு, சொல்லின. குறைந்த நம்பிக்கை என்பது உளவுத்துறை மொழியில் "சரியாகத் தெரியவில்லை" என்பதற்கு மரியாதையான சொல். ஆதாரத்தை வெளியிடாத முடிவை நான் எடைபோட முடியாது.

உலக சுகாதார நிறுவனம்?

2021-ல் அது அனுப்பிய குழு, ஆய்வகச் சாத்தியம் மிக மிக அரிது என்று எழுதியது. வூஹான் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்த ஈகோஹெல்த் தலைவரே அந்தக் குழுவில் உறுப்பினர்; பஞ்சாயத்தில் கட்சிக்காரரையே உட்கார வைத்த கதை. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே அந்த முடிவோடு நிற்கவில்லை, எல்லாச் சாத்தியங்களும் திறந்தே இருக்கின்றன என்றார். அடுத்து அமைத்த நிபுணர் குழு 2025 ஜூனில் தந்த அறிக்கை நிதானமானது: கிடைத்த சான்றுகளின் எடை விலங்கிலிருந்து பரவியதன் பக்கம் சாய்கிறது, ஆய்வகக் கருதுகோளைச் சோதிக்கக் கேட்ட தகவல்களைச் சீனா தரவில்லை, அதனால் அதை விலக்கவும் முடியவில்லை.

நீங்கள் 2020-ல் வேறு மாதிரி அல்லவா சொன்னீர்கள்?

ஆமாம், அண்ணாச்சி. நினைவில் வைத்திருப்பதற்கு நன்றி.

வூஹானிலிருந்து திரும்பிய மாணவி ஒருவருக்கு 2020 ஜனவரி 30-ஆம் தேதி திருச்சூரில் நோய் உறுதியானது. இந்தியாவின் முதல் நோயாளி. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது என்று ஊரே பயந்து கிடந்தது. மார்ச் மாதம் ஊரடங்கு. ஏப்ரலில் எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒருவர் ஆய்வகக் கதையைப் போட, நான் "இது வதந்தி, அறிவியல் முடிவு சொல்லிவிட்டது" என்று பதில் எழுதினேன். அப்போது என் கையில் இருந்தது ஆய்வாளர்கள் சிலரின் கடிதமும் ஒரு கட்டுரையும்தான். மரபணுவைப் பார்த்துச் சொல்லக்கூடியதற்கு மேல் அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதற்கு மேல் நான் சொல்லிவிட்டேன். அந்த மனிதரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். உடனே அவர் தடுப்பூசியில் சிப் இருக்கிறதா என்று கேட்டார். அது வேறு வழக்கு.

எங்கள் வீட்டு அயினி மரத்தில் வாவல் அடைகிறது. வெட்டிவிடலாமா?

வெட்ட வேண்டாம். கொரோனாவின் சொந்தக்கார வைரஸ்கள் வாழ்வது லாட மூக்கு வௌவால்களில். அவை பூச்சி தின்பவை. உங்கள் அயினிப்பழத்துக்கு வருவது பழந்தின்னி. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட இடங்களில் பிடித்த பழந்தின்னிகளில் சில கொரோனா வைரஸ்கள் இருந்ததாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2020 ஏப்ரலில் சொன்னது. அவை வேறு வகை. மனிதருக்கு நோய் தந்ததாகச் சான்று இல்லை.

பழந்தின்னியிடம் கவனிக்க வேண்டியது நிபாவை. வெட்டி விரட்டினால் அவை கூட்டமாக வேறு தோப்புக்குப் போகும், அவ்வளவுதான். காலையில் முற்றத்தில் விழுந்து கிடக்கும் பழங்களைக் குனிந்து பாருங்கள்: பல் பட்ட பழத்தில் வரிவரியாகக் கீறல் இருக்கும், பக்கத்தில் சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை உருண்டை கிடக்கும். அதைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள், அள்ளிய கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பதநீர் பற்றியும் ஒரு சீட்டு இருந்தது. வங்கதேசத்தில் ஈச்ச மரத்துப் பச்சைச் சாற்றைக் குடித்தவர்களுக்கு நிபா வந்திருக்கிறது. இரவில் வௌவால் கலயத்தை நக்கிப் போயிருந்தது. அங்கே இப்போது மரத்தில் சாறு வடியச் சீவிய இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டி கட்டி மறைக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பனையேறியிடம் இதைச் சொன்னேன். "வாவலுக்கு நான் எதற்குச் சும்மா கொடுக்க வேண்டும்? ஓலையைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன்" என்றார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன், மூன்று பனையில் கட்டியிருந்தார். நான்காவதில் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, ஓலை தீர்ந்துவிட்டது என்றார், பனையின் மேலே உட்கார்ந்துகொண்டே.